தீவைச் சுற்றி இரண்டரைச் சுற்று

எங்கள் அப்பா காசு கொடுத்து டாக்ஸியில் ஏறுகிற ஆளே இல்லை. பூனா கேம்ப்பில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஆபீசுக்குச் சைக்கிள், சர்ச்சுக்கு நடை, ஊரிலிருந்து யாராவது வந்தால் ஸ்டேஷனுக்கு பஸ். ஆட்டோவில் போகிறவர்களைப் பார்த்தாலே காலுக்கு என்ன கேடு என்று முணுமுணுப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பதினோரு மணிக்கு, கறுப்பு மஞ்சள் டாக்ஸியில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு எட்டு வயது. ஏதோ மராட்டிப் பண்டிகைக்காக எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவு.

"தண்ணி நடுவுல இருக்கிற மலைய பாக்கணும்னு சொல்லிட்டே இருந்தியே. ஆஃப் டே லீவு போட்டுட்டேன், கெளம்பு" என்றார் அம்மாவிடம்.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி டாக்ஸியைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இன்றைக்கேவா என்று கேட்டாள், இன்றைக்கேதான் என்றார். அடுப்படிக்குப் போய்த் தேங்காய் துருவ ஆரம்பித்தாள்.

அம்மா சிலோன் மலையில் பிறந்தவள். தேயிலைத் தோட்டத்தில், லயம் என்று அவர்கள் சொல்லும் வரிசை வீடுகளில் ஓர் அறையில் வளர்ந்தவள். இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்தபோது அவளுக்கும் அவள் அக்காவுக்கும் இந்தியா என்று விழுந்தது. அவளுடைய அப்பாவுக்குக் காகிதம் வரவில்லை. வந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார் என்பாள். கப்பலில் வந்து ராமேஸ்வரத்தில் இறங்கி, கோத்தகிரியில் அக்கா வீட்டில் இருந்தவளை, பாஸ்டர் ஒருவர் பேசி முடித்து மூன்று தலைமுறையாகப் பூனாவில் இருக்கும் எங்கள் அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். வந்த நாளிலிருந்து அவளுக்குப் பூனாவின் மலைகளோடு ஒரு சண்டை. இதெல்லாம் மலையா, வெறும் பாறை என்பாள். அணைக்கட்டுக்கு அந்தப் பக்கம், மழைக்காலத்தில் தண்ணீர் சூழ்ந்து தீவாகிவிடும் மலை ஒன்று இருக்கிறது, எந்நேரமும் அதன் தலையில் மேகம் கிடக்கும் என்று பால்காரர் எப்போதோ சொல்லிவைத்தார். போச்சு. ஒவ்வொரு மழைக்கும் அம்மா அதைக் கேட்பாள். அடுத்த ஞாயிறு என்பார் அப்பா. அந்த ஞாயிறு வந்ததே இல்லை.

அன்று வியாழக்கிழமையிலேயே வந்துவிட்டதற்குக் காரணம் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. எனக்கு அது தெரியாது. நான் வேலைக்குப் போன பிறகு அப்பாவே சொன்னார். உங்களையும் அவ்வளவு காலம் காக்கவைப்பானேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். சிலோனிலிருந்து ஆபீஸ் விலாசத்துக்கு வந்த தந்தி. அம்மாவின் அப்பா செவ்வாய்க்கிழமை இறந்துபோனார், அடக்கம் முடிந்தது. அவ்வளவுதான். ஓடிப்போய் முகம் பார்க்கவும் வழியில்லை.

சாவுச் செய்தியை வெறும் வயிற்றோடு இருப்பவர்களிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் சட்டம். கேட்டுவிட்டால் பிறகு தொண்டையில் சோறு இறங்காது. அதனால் முதலில் சாப்பிட வைத்து, கை கழுவ வைத்து, அப்புறம்தான் வாயைத் திறப்பார்கள். கீழ் வீட்டு அக்காவின் அண்ணன் இறந்தபோது எங்கள் அம்மாவே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நாலு இட்லி தின்ன வைத்துவிட்டுத்தான் சொன்னாள். அப்பாவின் திட்டமும் அதுதான். கூடவே, பத்து வருஷமாகத் தள்ளிப்போட்ட மலையையும் காட்டிவிடலாம், அக்கம்பக்கம் கூடாத இடத்தில் அழுது தீர்க்கட்டும் என்று நினைத்திருக்கிறார். நல்ல மனுஷன். ஆனால் டாக்ஸி பிடித்தாரே, அங்கேதான் கோட்டை விட்டார்.

டாக்ஸி டிரைவர் வெளியூர்க்காரர்களுக்கு அரைநாள் டூர் காட்டுகிறவர். எங்கள் தமிழைக் கேட்டு, நேராக மெட்ராசிலிருந்து வந்து இறங்கியவர்கள் என்று முடிவு கட்டிவிட்டார். இது பர்வதி மலை, இது முட்டா நதி என்று வழி நெடுக இந்தியில் ஒப்பித்துக்கொண்டே வந்தார். அந்த நதியில் நீச்சல் பழகிய அப்பா, அச்சா, அச்சா என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். வேறொரு நாளாக இருந்தால் நானும் அம்மாவும் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகியிருக்கும். அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு மழையில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். மடியில் மூன்றடுக்கு டிபன் கேரியர். அதிலிருந்து தேங்காய் ரொட்டியும், அவள் ஊர்த் துவையலான சம்பலும் மணத்தது.

கடக்வாஸ்லா அணையைத் தாண்டியதும் ஊர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிற மாதிரி எல்லாம் பச்சையாகிவிட்டது. சாலைக்குக் குறுக்கே மேகம் இறங்கி நின்றது. அதற்குள்ளே போய் வெளியே வரும்போது கார்க் கண்ணாடி நனைந்திருந்தது. சாலை முடிகிற இடத்தில் தண்ணீர். தண்ணீருக்கு நடுவில், அடியும் தெரியாமல் முடியும் தெரியாமல், இடுப்பு மட்டும் தெரியும்படி ஒரு மலை நின்றது. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

படகுக்காரர் வயசானவர், மழைக்காகத் தலையில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தார். அரைநாளுக்குப் பேசியாகிவிட்டது, எத்தனை தரம் வேண்டுமானாலும் சுற்றலாம் என்று அவர் சொன்னதை அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். முதல் சுற்று முழுக்கத் துடுப்புச் சத்தம், மழைத் தூறல், எங்கேயோ ஒரு அருவி. பக்கத்தில் வந்த மலை திடீரென்று காணாமல் போகும், கொஞ்சம் கழித்து வேறு பக்கத்திலிருந்து வரும். நாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம், மலைதான் எங்களைச் சுற்றுகிறது என்று தோன்றியது. எனக்கு எங்கிருக்கிறோம் என்பதே தெரியவில்லை. அது பயமாகவும் இல்லை.

பிறகு இறங்கிப் பாதி மலை ஏறினோம். அப்பா இரண்டு தரம் வழுக்கி விழுந்தார். அம்மா விழவில்லை. பாதத்தைக் குறுக்கே வைத்து, உடம்பைச் சற்றே சாய்த்து, கூடை சுமக்கிற நடையில் மேலே போய்க்கொண்டே இருந்தாள். அப்படி ஒரு நடை அவளிடம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். பூனாவில் சமதரையில் அவள் கொஞ்சம் தடுமாறித்தான் நடப்பாள்.

மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, யாரும் கேட்காமல், தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒங்க தாத்தா இஞ்சித் தேத்தண்ணி குடிக்காம கண்ணு முழிக்க மாட்டாரு புள்ள. மேகம் எறங்கிச்சின்னா எங்களுக்குப் பாதை தெரியாது. அவரு முன்னாடி நடந்துகிட்டே இருமுவாரு. அந்த இருமல் சத்தத்தப் புடிச்சிக்கிட்டே நாங்க லயத்துக்கு வந்துருவோம்."

எங்கள் வீட்டில் அவள் பேசுகிற தமிழ் இல்லை இது. ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை பார்த்தது, நாய்க்குத் தன் பெயரையே வைத்தது, பாட்டுப் பாடினால் கோவிலில் பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் நகர்ந்து உட்கார்வது. சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்பா கொஞ்சம் தள்ளி நின்று சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி இரண்டரை தாண்டியிருக்கும். சாப்பிடலாமா என்றார் அப்பா. அதற்குள்ளேயா, இன்னொரு சுற்று போய்வந்து சாப்பிடலாம் என்றாள் அம்மா.

இரண்டாவது சுற்றில் படகுக்காரர் ஓரிடத்தில் துடுப்பை நிறுத்தினார். தன் வீடு இதற்கு நேர் கீழே இருக்கிறது என்றார். அணை கட்டியபோது ஊரே தண்ணீருக்குள் போய்விட்டதாம். நான் விளிம்பில் குனிந்து பார்த்தேன். பழுப்புத் தண்ணீர்தான் தெரிந்தது. இத்தனை தண்ணீரில் இடம் எப்படித் தெரிகிறது என்று அம்மா தன் அரைகுறை இந்தியில் கேட்டாள். அவர் அந்தக் கேள்விக்குச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எனக்குப் பசி வந்துவிட்டது.

கரைக்கு வந்ததும் அப்பா மறுபடி சாப்பாட்டுப் பேச்சை எடுத்தார். அம்மா டிபன் கேரியரை இரண்டு கையாலும் மடியில் அணைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரே ஒரு சுத்துங்க" என்றாள்.

அப்பா மறுக்கவில்லை. அவருக்கும் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். எனக்குத்தான் நிம்மதி இல்லை. மணி நாலாகப் போகிறது. ரொட்டி வாசனை மூக்கைத் துளைக்கிறது. எத்தனை தரம்தான் ஒரே மலையைப் பார்ப்பது? மூன்றாவது சுற்றில் பாதி போனதும் ஆரம்பித்தேன். முதலில் சிணுங்கல், அப்புறம் அழுகை, கடைசியில் படகே ஆடுகிற மாதிரி காலை உதைத்து ஒரு கூப்பாடு. பசிக்குது, பசிக்குது, ரொட்டி குடு. கேரியரின் கொக்கியைப் பிடித்து இழுத்தேன். அம்மா விடவில்லை. நான் இழுத்தேன். பிறகு அவள் கை தளர்ந்தது. படகுக்காரரிடம் கரைக்குத் திருப்பச் சொன்னாள்.

சரிவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். சாப்பிடும் முன் ஜெபம் பண்ணுவது அம்மாதான். எங்கள் வீட்டு ஜெபம் கொஞ்சம் நீளம். சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி, அப்பாவின் வேலையைச் சொல்லி, என் படிப்பைச் சொல்லி, கோத்தகிரிப் பெரியம்மாவைச் சொல்லி, கடைசியில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கப்பாவுக்கு நல்ல சுகத்தைக் கொடுங்க என்று முடிப்பாள். ஒருவேளைகூட அந்த வரி விட்டுப்போனதில்லை. அது வந்தால் ஆமென் வரப்போகிறது என்று அர்த்தம். நான் தட்டில் கை வைப்பேன்.

அன்று பெரியம்மா வரைக்கும் வந்தாள். நின்றாள். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் ஆமென் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுங்க" என்றாள் அம்மா. "மொதல்ல சாப்பிடுங்க."

எனக்கு இரண்டு ரொட்டி, அப்பாவுக்கு மூன்று வைத்தாள். அப்பாவால் ஒன்றுக்கு மேல் முடியவில்லை. அம்மா சாப்பிட்டாள். ஒவ்வொரு துண்டாகப் பிய்த்து, சம்பலில் தொட்டு, நன்றாக மென்று, தன் பங்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். தண்ணீர் ஓரத்துக்குப் போய்க் கையை அலம்பினாள். வாய் கொப்புளித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்றபடி, திரும்பாமல் கேட்டாள்.

"எப்பவாம்?"

"செவ்வாக்கெழம" என்றார் அப்பா. "அடக்கம் எல்லாம் ஆயிடுச்சாம்."

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. அப்பா எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். தந்தியை எடுத்து நீட்டினார், அவள் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அப்பாவின் தோள் குலுங்கியது தெரிந்தது. பெரியவர்களுக்குக் குளிர் தாங்காது என்று நினைத்தேன். வயிறு நிறைந்த சந்தோஷத்தில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது டாக்ஸியில் அம்மாவின் மடியில் தூங்கிவிட்டேன். டிரைவர் அதே இடங்களை எதிர்த்திசையில் ஒப்பித்துக்கொண்டு வந்தது மட்டும் தூக்கத்தில் கேட்டது.

அடுத்த வாரம் பள்ளியில் ஒரு சுற்றுலாவைப் பற்றி இங்கிலீஷில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். விடுவேனா? டாக்ஸி, மேகம், தண்ணீருக்குள் இருக்கும் வீடு எல்லாவற்றையும் எழுதினேன். என் அம்மாவுக்கு அந்தத் தீவு மிகவும் பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பச் சுற்றச் சொன்னாள், எனக்குப் பசித்ததால் மூன்றாவது சுற்று பாதியில் நின்றுவிட்டது என்று முடித்தேன். டீச்சர் சிவப்பு மையில் 'குட்' போட்டார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்தில் உட்காரவைத்து, வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் என் தலையைத் தடவிவிட்டு, "ஆமா புள்ள, நீ பசியில இருந்த" என்றாள். குரலில் ஒரு குறையும் இல்லை.

நான் பசி தாங்கியிருந்தால் அவளுடைய அப்பா அன்று அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்திருப்பார். படகுக்காரர் இருட்டும் வரைகூடச் சுற்றியிருப்பார், மனுஷன் முகம் சுளிக்கவே இல்லை. இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. அந்த 'குட்'டை வீடு வீடாகக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.