நம்பர் பிளேட்டில் சந்தனம்

எங்கள் ஏரியா சிக்னலில் கேமரா வைத்த பிறகு மாமா திருந்திவிட்டார் என்றுதான் நம்பியிருந்தேன். அம்மாவின் தம்பி அவர். டைல்ஸ் ஒட்டும் வேலை. முன்பெல்லாம் சிவப்பு விழுந்தாலும் ஹாரனை அழுத்திக்கொண்டு பாய்வார். ஒரு தடவை அபராதம் வந்ததும், வெள்ளைக் கோட்டுக்கு முன்னாலேயே நல்ல பிள்ளையாக நிற்க ஆரம்பித்தார். கல்லூரியில் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னபோது, பெயர் சொல்லாமல் அவரைத்தான் உதாரணம் காட்டினேன். எங்கள் வீட்டிலிருந்து மேடையேறிய முதல் ஆள் நான். கைதட்டினார்கள்.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் தசரா விளக்கு பார்க்க இரண்டு வண்டியில் கிளம்பினோம். மாமாவின் பைக்கில் நான். பின்னால் அப்பாவின் மொபெட்டில் அம்மா. மைசூருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அப்பாவுக்கு டிராஃபிக் என்றால் பயம். சிக்னல் விளக்கைப் பார்க்கமாட்டார். மாமாவின் வண்டியைத்தான் பார்ப்பார். அது நின்றால் நிற்பார், போனால் போவார்.

சிவப்பு விழுந்தது. மாமா வேகத்தைக் குறைக்கவில்லை.

"மாமா, சிவப்பு! கேமரா இருக்கு!"

"இருந்துட்டுப் போகட்டும் மாப்ளே. நம்பர் பிளேட் முழுக்கச் சந்தனம், அதுக்கு மேல சாமந்தி மாலை. எவன் அபராதம் போடறான்னு பாக்கலாம்!"

தாண்டிவிட்டோம். பின்னால் 'டமார்' என்று ஒரு சத்தம்.

திரும்பினால் மொபெட் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். குறுக்கே பச்சையில் வந்த ஆட்டோ இடித்திருந்தது. "நீரு கொடி, நீரு கொடி" என்று யாரோ தண்ணீருக்குக் கத்தினார்கள். நான் கூப்பிடக் கூப்பிட அம்மா கண் திறக்கவில்லை. ஓடிவந்த மாமா பாதியில் நின்றார். தன் பைக்குக்கே திரும்பிப் போனார். போலீஸ் வருவதற்குள் மாலையைப் பிய்த்து எறிந்து, சட்டை நுனியால் சந்தனத்தைத் துடைத்தார். கூடப்பிறந்த அக்கா நடுரோட்டில் கிடக்கிறாள், இவர் பிளேட்டைத் துடைக்கிறார்.

முழங்கையில் ரத்தம் வழிய அப்பா அவரிடம் போனார். கோபமே இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"நீ போனியே மச்சான்... நீ போறதைப் பாத்துத்தானே நான் வந்தேன்?"

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு நினைவு திரும்பியது. இடுப்பெலும்பு உடைந்திருந்தது, எப்போது நடப்பார் என்று டாக்டர் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் அம்மா கேட்டது இதுதான்:

"என் தம்பிக்கு ஒண்ணும் ஆகலையே? அவன்தானே முன்னாடி போனான்?"

கதவருகே நின்றிருந்த மாமா உள்ளே வரவில்லை.