டயர் இறக்குமதி குறைந்த மூன்று மாதங்கள்

என் சித்தி வர்த்தகப் புள்ளிவிவர அலுவலகத்தில் இருபது வருடமாக ஒரே நாற்காலியில் இருக்கிறார். துறைமுகத்திலிருந்து வரும் சரக்குப் படிவங்களைப் பிரித்து, என்ன பொருள், எந்த நாட்டில் செய்தது என்று குறியீட்டு எண் போடுவது அவர் வேலை. மாதக் கடைசியில் ஏற்றுமதி இவ்வளவு, இறக்குமதி இவ்வளவு என்று பத்திரிகையில் இரண்டு வரி வரும். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் பன்னிரண்டாயிரம் படிவங்கள் இருக்கும்.

சித்தப்பா ஆறு வருடமாக வெளிநாட்டில் ஒரு சைக்கிள் டயர் தொழிற்சாலையில் இருக்கிறார். அங்கே செய்வதில் பெரும்பகுதி எங்கள் துறைமுகத்துக்குத்தான் வருகிறது. “ஆர்டர் குறைஞ்சா முதல்ல எங்க ஷிப்டைத்தான் ஊருக்கு அனுப்புவாங்க” என்று போன விடுமுறையில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து சித்தி மாதாந்திர அட்டவணையில் அந்த நாட்டு டயர் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்ப்பார். ‘வந்துவிடுங்கள்’ என்று அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. எண் சொல்லட்டும் என்று இருந்துவிட்டார்.

இந்த வருடம் எண் சொல்லத் தொடங்கியது. மூன்று மாதம் தொடர்ந்து இறக்கம். மூன்றாவது மாதம் பாதிக்கும் கீழே. சித்தி துணி அலமாரியின் இரண்டாவது தட்டைக் காலிசெய்து துடைத்தார். சித்தி வீட்டில் தங்கிப் படிக்கும் என் புத்தகங்கள்தான் அதுவரை அதில் இருந்தன. சித்தப்பா விடுமுறைக்கு வந்தால் சட்டை அடுக்கும் தட்டு அது.

பிரிவுத் தலைவருக்கு அலுவலகத்தில் ‘தசமப்புள்ளி’ என்று பெயர். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். அவர் அட்டவணையோடு சித்தியிடம் வந்து நின்றாராம்.

“என்னம்மா, டயர் இப்படி சரிஞ்சிருக்கு? எல்லாரும் நடக்க ஆரம்பிச்சுட்டாங்களா?”

“குறைஞ்சா குறைஞ்சுதான் சார் காட்டும்.”

“நீங்க இப்படி வெடுக்குன்னு பேசமாட்டீங்களே. எதுக்கும் படிவத்தை ஒரு தடவை புரட்டிடுங்க.”

படிவக் கட்டைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. கப்பல் பாதை மாறி, சரக்கு இப்போது வழியில் வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி ஏறி வந்தது. செய்த நாட்டின் எண் இருக்கவேண்டிய கட்டத்தில் வழியில் ஏற்றிவிட்ட நாட்டின் எண் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யும் தப்பு அது. அவர்களைத் திருத்துவது சித்திதான். இந்தப் படிவங்களில் இருந்ததும் சித்தியின் கையெழுத்துதான்.

அந்தப் படிவங்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் டயர் குறையவே இல்லை. கொஞ்சம் ஏறியிருந்தது.

“கண்ணு தாண்டிப் போயிருக்கு சார்” என்றாராம் சித்தி. “இன்னைக்கே திருத்திடுங்க” என்றாராம் தசமப்புள்ளி.

நாற்பத்தொரு படிவங்கள். ஒவ்வொன்றிலும் பழைய எண்ணை அடித்து, சரியானதை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சித்தப்பாவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரை அணைக்க மறந்திருந்தார்.

“சொல்லு, என்ன இந்நேரத்துல?”

“நீங்க வந்துடுங்க.”

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தத்துக்கு மேலே சித்தப்பா குரலை உயர்த்தினார்.

“ஏன், டயர் விழுந்துடுச்சா?”

“இல்ல. ஏறித்தான் இருக்கு. அதான் நானே சொல்றேன்.”

“மெஷின் லைன்ல ஆள் நிக்கணும்” என்றார் சித்தப்பா. “போனை வை, ஷிப்ட் முடிஞ்சு கூப்பிடறேன்.”

சித்தி வைக்கவில்லை. இயந்திரச் சத்தமும் நிற்கவில்லை. சித்தப்பாவும் வைக்காமல்தான் இருந்தார்.