பேசாமல் இருக்கும் உரிமை

வாயைத் திறந்தால் மூடத் தெரியாத ஒரு மனிதர், நாலு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம் என்றிருந்த நாளில் மட்டும் ஏன் பேசாமல் இருந்தார்? மனைவிக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. அந்த மௌனத்தால் மழைக்காலம் முழுவதும் வேலையின்றி வீட்டில் கிடந்தார். அப்போதும் எல்லாவற்றையும் பேசினார், அதைத் தவிர.

பேருந்து நடத்துநர். பணிமனையில் வைத்த பெயர் ரேடியோ. நிறுத்தத்தின் பெயரோடு, அங்கே எந்தக் கடையில் செருப்பு நன்றாகத் தைப்பார்கள் என்பதையும் சேர்த்தே அறிவிப்பார். வீட்டில் மனைவி தையல் மிஷினை வேகமாக மிதிப்பது அந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்கத்தான். வீரர் என்று சொல்வதற்கில்லை; ஊசி என்றால் நடுங்குவார்.

பேசாதவன் குற்றத்தை ஒத்துக்கொண்டவன் என்பதே அந்த நாட்டில் அதுவரை வழக்கம். அந்த ஆண்டு அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: தனக்கு எதிராகப் பேசும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, பேசாததைச் சான்றாகவும் கொள்ளக் கூடாது.

"பேசாம இருக்கறதுக்கெல்லாமா சட்டம்? எனக்கு உதவாது," என்று ரேடியோ சிரித்தார்.

"எனக்கு உதவும். வீட்டுலயும் அமல்படுத்தச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

சில வாரங்களில், வேலைநிறுத்தத்துக்கு முந்தின மாலை, பணிமனையில் யாரோ டயர்களைக் கிழித்துவிட்டார்கள். அன்று விடுப்பிலிருந்த மூன்று பேரை, ஒரு மெக்கானிக்கையும் ஓர் ஓட்டுநரையும் ரேடியோவையும், காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். சந்தேகம் தீரும்வரை வேலைக்கு வரக்கூடாது என்று உத்தரவு. ரேடியோவுக்கென்ன கவலை? அந்த நேரத்தில் அவர் பல் டாக்டரிடம் இருந்தார். கையைப் பிடித்துக்கொள்ள மனைவி பக்கத்திலேயே நின்றாள்.

காவல் நிலையத்துக்கும் அவளே கூட்டிப்போனாள். மூவரும் ஒரே பெஞ்சில். ஆய்வாளர் விதிப்படி புதுத் திருத்தத்தை வாசித்தார். பேச விருப்பமில்லை என்றார் மெக்கானிக். ஓட்டுநரும் அதையே சொன்னார். ஆய்வாளர் கோபப்படவில்லை.

"உங்க இஷ்டம். எங்க இருந்தோம்னு சொல்றவங்கள அனுப்பிடறேன். கடைசியில பெஞ்சுல யாரு மிச்சம்னு பார்த்தா போதும், என் வேலை சுலபம்." திரும்பினார். "ரேடியோ, நீங்க சொல்லுங்க. உங்கள நிறுத்தறதுதான் கஷ்டம்னாங்களே."

ரேடியோ வாயைத் திறந்தார். மெக்கானிக்கோடு அவருக்குச் சிநேகம் கிடையாது; ஓட்டுநரோ அவர் பேச்சு தாங்காமல் வண்டி மாற்றிக்கொண்டு போனவர். இருவரையும் ஒருமுறை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லித் தொலைங்களேன்," என்று கிசுகிசுத்தாள் மனைவி. "வேலை போயிடும்ங்க."

நாமே சொல்லிவிடுவோம் என்று அவள் எழுந்தாள். ரேடியோ அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எனக்கும் பேச விருப்பமில்லைங்க," என்றார் ஆய்வாளரிடம்.