கிரிக்ஸ் போட்ட கடைசி ஓட்டு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். நான் குடிக்கிற ஆளும் இல்லை. இது எனக்கே நடந்தது.

அது 1887. எங்கள் மாநிலச் சட்டசபையில் நானும் ஓர் உறுப்பினன். பெயர் வைமன். எதிர்க்கட்சியில் அமாசா கிரிக்ஸ் என்று ஒரு கிழவர். பத்தொன்பது வருடத்தில் ஓர் ஓட்டெடுப்பைக்கூட அவர் தவறவிட்டதில்லை. காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து ஓட்டுப் போட்டவர்.

கைதிகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விடுவதை நிறுத்த நான் மசோதா கொண்டுவந்தேன். பன்றி திருடியதாக உள்ளே போன என் தம்பி லெம்யூல் அங்கேதான் கரி வெட்டிக்கொண்டிருந்தான். அவன் உயிரோடு திரும்ப வேண்டுமே என்ற பயம் எனக்கு.

"மாமியார் வீட்டுக்குப் போனவனுக்குச் சோத்துக்கு என்னய்யா குறை?" என்று சிரித்தார் கிரிக்ஸ்.

"போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்க."

"அதுக்குள்ள ஓட்டெடுப்பு வந்துட்டா?"

"ஜோடி போட்டுக்குவோம். நீங்க வராட்டி நானும் போட மாட்டேன். சத்தியம்."

அது எங்கள் சபை வழக்கம். ஒருவர் வராவிட்டால் எதிராளி ஒருவர் வாயை மூடிக்கொள்வார். கிழவர் வீம்புக்காரர், அன்றே சுரங்கத்துக்கு ரயில் ஏறிவிட்டார்.

ஓட்டெடுப்பு நாள். கொட்டும் மழை. மாலை நாலரை மணி. கிரிக்ஸ் வரவில்லை. எண்ணிப் பார்த்தேன். ஓர் ஓட்டில் தோற்கப்போகிறோம்.

குமாஸ்தா பெயர்களைப் படித்தார்.

"கிரிக்ஸ்."

குமாஸ்தா அடுத்த பெயருக்கு விரலை நகர்த்தினார்.

லொக்... லொக்... இருமல்.

அவர் நாற்காலியில் அவரே! முகமெல்லாம் கரி. வெளியே அத்தனை மழை... கோட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"ஆதரவு."

சபையே வாய் பிளந்தது.

"ஐயா... என் தம்பி?"

அவர் திரும்பவில்லை.

"ஜோடி முறிஞ்சுது. போடுய்யா."

"வைமன்," என்றார் குமாஸ்தா.

"ஆதரவு!"

ஓர் ஓட்டில் ஜெயித்தோம்.

திரும்பினேன்...

நாற்காலி காலி.

இரவு தந்தி வந்தது. அன்று காலையிலேயே சுரங்கக் கூரை இடிந்துவிட்டதாம். மூன்றாம் நாள் லெம்யூலை உயிரோடு எடுத்தார்கள். கிரிக்ஸைப் பிணமாக.

தம்பி சொன்னான்.

"என் மடியிலதான் செத்தாரு அண்ணா. உடம்பு சில்லிட்டுப் போச்சு. ரொம்ப நேரம் கழிச்சு... அந்தப் பொணம் வாயைத் தொறந்துச்சு. 'ஜோடி முறிஞ்சுது, போடுய்யா'ன்னுச்சு. யாரைச் சொல்லிச்சு அண்ணா?"