பேசவைக்கப் போன டீச்சர்

டொக், டொக். பிறகு 'ஃபூ' என்று ஓர் ஊதல். இனயம் பக்கத்துக் கடற்கரை அங்கன்வாடியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கேட்ட சத்தம் அது. மாதா கோவில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லும் முன் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள். "கடல் சீற்றமாக இருப்பதால்..." என்று அது தொடங்கியதும், என் நரிக் கதையைப் பாதியில் விட்டுவிட்டு அத்தனை பிள்ளைகளும் அசையாமல் கேட்டன. அந்த மைக் மேல் அன்று வந்த பொறாமை, ஓய்வு பெற்ற பிறகும் தீரவில்லை.

சின்னப் பிள்ளைகளைப் பேசவைக்கும் தொழில் தெருக்குழாய் மாதிரி: திறந்தால் சொட்டு வராது, வந்துவிட்டால் மூட முடியாது. இப்போதும் வாரம் மூன்று நாள் அதே அங்கன்வாடிக்குப் போய்ப் பேச்சு விளையாட்டு நடத்துகிறேன். நாலு வயதுப் பிள்ளையிடம் ஒரு பதில் வாங்கத் தொண்டை வறண்டவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மீன் படம்

பேச்சு வளர்ச்சியைச் சோதிக்கப் பட அட்டைகள் தந்திருந்தார்கள். ஆப்பிள், ரயில், மீன். மீன் அட்டையைத் தூக்கி, "இது என்ன மக்கா?" என்றேன். மூன்றரை வயது ஜெபின் உற்றுப் பார்த்தான். மறுபடி கேட்டேன். தலையைச் சாய்த்துப் பார்த்தான். படிவத்தில் 'பதில் இல்லை' என்று எழுதப் பேனாவை எடுத்தபோதுதான் வாய் திறந்தது.

"சாளைக்கு வயிறு இப்பிடி இருக்காது. அயிலைக்கு வரி உண்டு. பாரைக்கு வாலு வேற" என்றான். பிறகு பக்கத்துப் பிள்ளையிடம் தணிந்த குரலில் சொன்னான்: "பாவம், டீச்சருக்கு மீனு தெரியாது."

சொல்லிக்கொண்டே செய்

பிள்ளைக்குச் சொல் சேர வேண்டுமானால், செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். அம்மாக்களைக் கூட்டி இதைச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் ஒத்திகையும் பார்த்தேன். "இப்போ சோறு வடிக்கேன். ஒரு ஆளுக்கு இது போதும்" என்றேன். கேட்க யாருமில்லை. அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த அம்மாக்களில் ஸ்டெல்லா நிறுத்தவில்லை. மாமியாரோடு சண்டை போட்ட கையோடு உள்ளே போய், கைக்குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இப்போ அம்மா செதில் எடுக்கேன். இப்போ குடலை உருவுகேன். இப்போ தலைய வெட்டப்போறேன்" என்று ராகம் போட்டு மீன் அரிந்திருக்கிறாள். மாமியார் கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மறுநாள் காலையில் என் முன்னால் வந்து நின்றார்: "டீச்சரே, மருமவ நல்லாத்தான் பேசுகா. கத்திய கீழ வச்சிட்டுப் பேசச் சொல்லுங்க."

அபிஷா

இவர்களுக்கு நடுவில் அபிஷா. அப்போது வயது ஐந்தாகப் போகிறது. காதும் நாக்கும் சரியாக இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அங்கன்வாடியில் ஒரு சொல்கூட வெளியே வந்ததில்லை. அப்பா ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப மாதங்கள் ஆகும். அம்மா மேரி மீன் விற்கப் போய்விடுவாள். பிள்ளை கோவிலை ஒட்டிய வீட்டு முற்றத்தில் தனியாக விளையாடும்.

ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். தெருவில் அதற்குள் 'ஊமை' என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேர் பள்ளிக்கும் போய்ச் சேரும் முன், பிள்ளை தன் சொந்தப் பேரைச் சொல்லிவிட வேண்டும். மேரிக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. நான் பாடினேன். கதை சொன்னேன். மூட்டு வலியோடு குரங்காகக் குதித்தேன். அபிஷா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான். மேரி சொன்னாள்: "நீங்க குதிச்சதுதான் மிச்சம் டீச்சர்."

அறிவிப்பு

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது என் மூக்குக் கண்ணாடி காணாமல் போனது. பாயின் அடியில் தேடினேன், அரிசி டப்பாவில் தேடினேன், ஜெபினின் சட்டைப் பையிலும் தேடினேன். பின்னால் சத்தம் கேட்டது. டொக், டொக். ஃபூ. திரும்பினேன். அபிஷா சோற்றுக் கரண்டியை வாயருகே பிடித்து நின்றாள்.

"அன்பார்ந்த பங்கு மக்களின் கவனத்திற்கு. டீச்சருக்க கண்ணாடி காணாமல் போயுள்ளது. அது டீச்சருக்க தலையிலயே இருக்கு. ஆகவே யாரும் தேட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்."

கல்லூரியில் செய்யுள் படித்தவள் நான். அந்த 'ஆகவே'யைப் போல் இனிய சொல்லை எந்தச் செய்யுளிலும் கேட்டதில்லை. என் பழைய எதிரிதான் கோவில் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் அவளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. தலையில் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தேன். கண்ணையும் துடைக்க வேண்டியிருந்தது.

கரண்டியோடுதான் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை பேர் கேட்டார். மேரி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். டொக், டொக், ஃபூ. "பேரு அபிஷா. தாயார் மேரி. நன்றி." தலைமையாசிரியை எழுதி முடித்து நிமிர்ந்தார்: "பிள்ளைய சேத்தாச்சு. கரண்டிய மட்டும் அங்கன்வாடிக்கே திருப்பிக் கொண்டு போயிருங்க."

அபிஷா இப்போது மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டு வகுப்புத் தலைவி எழுதும் பட்டியலில், தினமும் முதல் பெயர் அவளுடையதுதான்.