மாவு வைக்கத்தான் ஃப்ரிட்ஜ்

நாங்கள் ஃப்ரிட்ஜ் வாங்கிய கதையைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பெல்லாம் வரவில்லை. நடுக்கடையில் நின்று கத்திவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அது மனைவிக்குத் தெரியும், என் மாமியாருக்கும் தெரியும்.

மனைவிக்கு எட்டாம் மாதமே வலி எடுத்துவிட்டது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பையன். இத்தனூண்டு இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். மற்ற மருந்தெல்லாம் அப்புறம், அம்மா பால்தான் இவனுக்கு முதல் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவிக்குத் தையல் ஆறவில்லை. வீட்டில் படுத்துத் தேறட்டும் என்று அவளை மட்டும் அனுப்பினார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்கு வந்தோம். பிள்ளை அங்கே, பால் இங்கே.

அவள் பம்ப் வைத்துப் பாலை எடுத்து, சின்னச் சின்னப் பைகளில் ஊற்றி, ஃப்ரீசரில் அடுக்குவாள். காலையில் நான் அதில் கொஞ்சத்தை ஐஸ்பெட்டியில் போட்டு பைக்கில் கொண்டுபோய்க் கொடுப்பேன். மிச்சத்தைச் சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தார் நர்ஸம்மா. இப்போது துளிதான் குடிப்பான், வளர வளர நிறையக் கேட்பான், பிள்ளை நேராக வாய் வைக்காமல் இருந்தால் பால் குறைந்துகொண்டே போகும், அதனால் இருக்கும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றிலிருந்து மனைவிக்கு அதே நினைப்புதான். தூக்கத்தில்கூட எழுந்து ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு வருவாள்.

அந்த ஃப்ரிட்ஜோ அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. ஒற்றைக் கதவு. ஃப்ரீசரின் மூடி எப்போதோ உடைந்து, கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் திறந்தால் உள்ளே விளக்கே எரியவில்லை. சேர்த்து வைத்ததெல்லாம் உருகித் தொளதொளவென்று கிடந்தது. நர்ஸம்மாவுக்கு போன் போட்டேன். எப்போது உருகியது என்று தெரியாத பாலை அந்தக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது, மறுபடி உறைய வைக்கவும் கூடாது, கொட்டிவிடுங்கள் என்றார். நான் கொட்டுகிறேன் என்று சொன்னேன். மனைவி விடவில்லை. ஒவ்வொரு பையாக வெட்டி, தானே ஊற்றினாள். சத்தமில்லாமல் அழுதுகொண்டே ஊற்றினாள். அந்த ஃப்ரிட்ஜை ஓங்கி ஓர் உதை விட்டேன், அதில் என் கால்தான் வலித்தது.

புது ஃப்ரிட்ஜ் அன்றைக்கே வந்தாக வேண்டும். ஃப்ரீசருக்குத் தனிக்கதவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். ஒரே கதவு என்றால், தயிருக்கும் தண்ணீருக்கும் திறக்கத் திறக்கச் சூடு ஏறிக்கொண்டே இருக்குமாம். அதுவரைக்கும் பக்கத்து வீட்டு ஃப்ரீசரில் வைக்கலாமே என்றேன். அத்தை, அதாவது என் மாமியார், வேண்டவே வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டி வருமாம். அன்றைக்கு எடுத்த பாலை ஐஸ்பெட்டியில் ஐஸ் வாங்கிக் கொட்டி வைத்தோம். அது சாயங்காலம் வரை தாங்கும். அதற்குமேல் தாங்காது.

மாமனார் தறியில் உட்கார்ந்திருந்தார். கல்யாணப் புடவை ஒன்று பாதியில் நின்றது, அதற்குத் தேதி சொல்லியாகிவிட்டது. நீங்கள் இருவருமே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். நீங்கள் இருவரும் என்றால் நானும் அத்தையும். அங்கேதான் சிக்கல்.

எனக்கு வாலாஜாபாத் பக்கம். விவசாயக் குடும்பம், கறி மீன் சாப்பிடுகிற வீடு. இவர்கள் வெங்காயத்துக்கே நாள் பார்க்கிற சைவம். காதலித்துக் கட்டிக்கொண்டோம். அத்தைக்கு என்மேல் வெறுப்பெல்லாம் கிடையாது, மரியாதைதான் அளவுக்கு மீறி இருந்தது. நேருக்கு நேர் பேச மாட்டார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், "அவர இன்னொரு தோசை போட்டுக்கச் சொல்லு" என்று மகளிடம் சொல்வார். மகள் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். கிளம்பும்போதும் அப்படித்தான், மகளிடம் சொல்லி எனக்கு ஒரு கட்டளை வந்தது. கடையில் பிள்ளைக்கு என்று வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளை வீட்டுக்கு வந்து சேருகிற வரைக்கும் அதன் பேரைச் சொல்லி ஒரு துணிகூட வாங்கக் கூடாது. சரி என்றேன். ஃப்ரிட்ஜ் வாங்க எதற்குக் காரணம் சொல்ல வேண்டும், காட்டுவதைப் பார்த்து வாங்கிவிட்டு வரப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். நான் பைக்கில் போனேன், அத்தை ஷேர் ஆட்டோவில் வந்தார்.

ஷோரூமில் டை கட்டிய ஒரு பையன் வந்தான். சிரித்த முகம். எடுத்த எடுப்பிலேயே, முக்கியமாக எதற்காகம்மா ஃப்ரிட்ஜ் என்று கேட்டான்.

"மாவு வைக்கத்தான்பா" என்றார் அத்தை.

அவன் எங்களை நேராக ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜிடம் கூட்டிக்கொண்டு போனான். கதவில் பெரிய பெரிய சிவப்புப் பூ. மாவுக்கு இதைவிட நல்லது கிடையாது, குண்டானை அப்படியே வைக்கலாம் என்றான். அத்தை கதவு ஓரத்து ரப்பரை, புடவைக் கரையைப் பார்ப்பதுபோல் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, மேலே இருக்கிற பெட்டி பெரியதாக வேண்டும், அதற்குத் தனிக்கதவு வேண்டும் என்றார். மாவுக்கு ஃப்ரீசர் எதற்கும்மா என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. அவனே ஒரு முடிவுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, மீன், சிக்கன் எல்லாம் வாரத்துக்கு வாங்கி ஸ்டாக் வைப்பீர்களா என்றான்.

நெற்றி நிறைய விபூதி பூசிய அம்மாளிடம் கேட்கிற கேள்வியா அது. "சிவ சிவா" என்று அத்தை இரண்டு அடி பின்னால் போனார். போனவர் என்னை வேறு ஒரு பார்வை பார்த்தார். என்னால்தான் அந்தப் பையனுக்கு அப்படித் தோன்றியது என்று நினைத்தாரோ என்னவோ. நான் கூரையைப் பார்த்தேன்.

அப்புறம் அத்தை ஐஸ்கிரீமுக்கு என்றார். பிறகு, விருந்தாளிகள் வருவார்கள் என்றார். அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃப்ரிட்ஜைக் காட்டினான். ஃப்ரீசரையே ஒரு பட்டனில் சாதாரண ஃப்ரிட்ஜாக மாற்றிக்கொள்ளும் ஒன்றைக் காட்டி, இது போதும்மா, ஐஸ்கிரீம் தினமுமா சாப்பிடுவீர்கள் என்றான். யாராவது கை தவறி அந்தப் பட்டனை அமுக்கினால் என்ன ஆகும், அதையும் வேண்டாம் என்றேன். கடைசியில் எங்களுக்கு வேண்டியது கண்ணில் பட்டது. சாம்பல் நிறம், மேலே அகலமான ஃப்ரீசர், அதற்குத் தனிக்கதவு. இதுதான் என்றேன். குடோனிலிருந்து வர மூன்று நாள் ஆகும் சார் என்றான் அவன். சிவப்புப் பூ போட்டது என்றால் இன்றைக்கே இறக்கிவிடுவானாம்.

"அப்போ பூ போட்டதே குடுத்துடுபா" என்றார் அத்தை.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. வீட்டில் ஐஸ்பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது. காலையில்தான் ஒருத்தி அத்தனையையும் கொட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இங்கே மாவு, ஐஸ்கிரீம், விருந்தாளி. ஏம்பா, இதோ பார், எங்களுக்குக் குழந்தை என்று வாயைத் திறந்தேன். அத்தை சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து என் நிழலைக்கூட மிதிக்காமல் ஒதுங்கிப் போகிறவர். அப்படியே கடைக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்றோம். என் மணிக்கட்டை அவர் இன்னும் விடவில்லை.

"எனக்கு இவளுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துது மாப்ள" என்றார். "உங்க மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கல. ஏழாம் மாசமே தொட்டில் வாங்கினு வந்து உத்தரத்துல மாட்டிட்டாரு. தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. தொட்டில் வந்துச்சு. புள்ள வரல."

அவளுக்கு இது தெரியாது, சொல்லிவிடாதீர்கள் என்றார். என்னிடம் நேராக அவர் பேசிய முதல் பேச்சே அதுதான். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. காலையிலிருந்து நான் மூடநம்பிக்கை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தது இந்த அம்மாளின் பயத்தை. அதே பயம்தான் எனக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், நாலு மணி அடிக்கிற வரை எடுக்க மாட்டேன்.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அத்தை, பூ போட்டதில் வைத்தால் மறுபடி உருகும், அவளால் இன்னொரு தடவை கொட்ட முடியாது என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரும்பு நசுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பால் யாருது மாப்ள? என் பொண்ணோடது தானே?"

ஆமாம் என்றேன்.

"அப்போ ஃப்ரிட்ஜ் என் பொண்ணுக்கு. அவ்ளோதான்."

விறுவிறு என்று உள்ளே போனார். நான் பின்னால் ஓடினேன். அந்தப் பையன் எதிரில் நின்று, பில் போடுகிற இடம்வரை கேட்கிற குரலில் சொன்னார்: "தம்பி, மாவுமில்ல, ஐஸ்கிரீமும் இல்ல. என் பொண்ணு பச்ச உடம்புக்காரி. அவ தாய்ப்பால உறைய வெச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கினு இருக்கறோம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்கு இந்தச் சாம்பல் கலர் பெட்டி வேணும்."

டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பையனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லக் கூடாதாம்மா என்று சொல்லிக்கொண்டே மேனேஜரிடம் ஓடினான். திரும்பி வந்து, காட்சிக்கு வைத்திருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள், இதுவரை கரண்டில் மாட்டவே இல்லை, புதுசுதான் என்றான். அவனே குட்டியானை வண்டிக்கும் போன் போட்டான். அப்பாடா என்று அங்கேயே ஒரு வாஷிங் மெஷின் மேல் சாய்ந்துவிட்டேன்.

வீட்டில் தறியை ஒட்டிய சந்தில் அதை உள்ளே கொண்டுபோவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வண்டியில் ஆடி வந்ததால் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டும், உடனே ஆன் பண்ணாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் நகரவே இல்லை. நான் இன்னும் ஐஸ் வாங்கி வந்து பெட்டியில் கொட்டினேன். ஒரு வழியாக சுவிட்சைப் போட்டோம். அத்தை ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசருக்குள் வைத்தார். அதற்கப்புறம் வீட்டில் யாருக்கும் வேறு வேலை ஓடவில்லை. மாமனார்கூட தறியை விட்டு எழுந்து வந்து வந்து பார்த்தார். வாசலில் விளக்கு வைக்கிற நேரம், அத்தை கிண்ணத்தை எடுத்து அதன்மேல் கரண்டியால் தட்டினார். டக்கென்று கல் மாதிரி சத்தம். மனைவி சிரித்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. ஐஸ்பெட்டியில் இருந்த பைகளை அவளே ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். அடுக்கிவிட்டுப் படுத்தவள், பல நாளைக்குப் பிறகு குறட்டை விட்டுத் தூங்கினாள்.

"மாப்ள, சாப்பிட வாங்க" என்றார் அத்தை. சுவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

அன்றிலிருந்து மேல் கதவு பாலுக்கு மட்டும். என் அம்மா பார்க்க வந்தபோது, இவ்வளவு பெரிய ஃப்ரீசரில் ஒரு நெத்திலிக்குக்கூட இடமில்லையா சம்பந்தி என்று வம்புக்கு இழுத்தாள். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். நடுவில் மனைவிக்குக் காய்ச்சல் வந்து, நர்ஸம்மா சொன்ன மாதிரியே பால் குறைந்துபோனது. பையனோ அந்த வாரம் பார்த்துத்தான் அதிகம் குடிக்க ஆரம்பித்திருந்தான். சேர்த்து வைத்தது கைகொடுத்தது. ஒரு நாள்கூட நான் வெறும் பெட்டியோடு போகவில்லை.

பையனைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்கள், மூக்கில் இருந்த குழாயையும் எடுத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆரத்தி சுற்றும்போது அத்தையின் கண்ணெல்லாம் தண்ணீர். நேராக அம்மாவிடம் குடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி தூங்கினான். எங்கள் எல்லாருக்கும் அன்றைக்குத்தான் உடம்பு அசதியே தெரிந்தது. ஆளுக்கொரு மூலையில் விழுந்து தூங்கினோம்.

மறுநாள் காலையில் அத்தை ஃப்ரீசரைத் திறந்து, மிச்சம் இருந்த பைகளை ஐஸ்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பையன்தான் வந்துவிட்டானே, எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"அங்க இன்னும் கண்ணாடிப் பெட்டியில புள்ளைங்க இருக்குதுங்களே மாப்ள. வண்டிய எடுங்க."

கொடுக்கலாமா என்று மகளிடம் முன்தினமே கேட்டு வைத்திருக்கிறார். முதல் தடவையாக என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில், பரிசோதனை செய்துதான் மற்ற குழந்தைகளுக்குக் கொடுப்போம் என்று சொல்லி நர்ஸம்மா பெட்டியை வாங்கிக்கொண்டார். வழக்கம்போல் நோட்டில் எழுத எடுத்த பேனாவோடு, குறிப்பாக எந்தக் குழந்தைக்காவது கொண்டுவந்தீர்களாம்மா என்று கேட்டார்.

"எந்தப் புள்ள பசிக்கு அழுவுதோ, அந்தப் புள்ளைக்கு" என்றார் அத்தை.