இரைச்சல் நீக்கிய குரல்

பெய்ரூட்டில் படங்களுக்கு ஒலி சேர்க்கிறவர்களின் கை முதலில் தேடுவது ஜெனரேட்டர் இரைச்சலைத்தான். தெருவுக்கு நாலு ஓடும் ஊரில் அதை எடுத்தால்தான் பேச்சு பேச்சாகக் கேட்கும். இருபத்தேழு வருடம் அதையே செய்த தமாமுக்கு இயக்குநர் ரய்யானின் படத்தில் நேர்மாறான வேலை.

சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாத வஸீமைப் பற்றிய படம். பாதி நிஜம், பாதி நடிப்பு. எது எதுவென்று திரையில் எழுத்துப் போட்டுச் சொல்லமாட்டேன், காதுக்குத் தெரியட்டும் என்றான் ரய்யான். நிஜத்தில் இரைச்சல் இருக்கும், நடிப்பில் இருக்காது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

“உன் கையைக் கட்டிப் போட்டுட்டுதான் வேலை வாங்கணும்,” என்று ரய்யான் அவளைச் சீண்டினான்.

வஸீமின் குரலாக மிஞ்சியது, பிரேசிலிலிருந்த சித்தப்பாவுக்காக அவன் பேசி அனுப்பாமல் விட்ட கேசட். நாற்பது நொடி. அவன் தாய் உம் வஸீம் தினமும் போட்டுத் தேய்த்தது. அவன் பேசிய அன்றைக்குக் கீழே ஓடிய ஜெனரேட்டர் பாதி வார்த்தைகளை விழுங்கியிருந்தது. ஒருமுறையாவது மகன் குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்கட்டுமே என்று தமாம் இரைச்சலை முழுக்க எடுத்தாள். ரய்யானிடம் சொல்லவில்லை. வஸீமாக நடித்த நடிகன் பேசிய ஒரு பகுதியில் இரைச்சல் போகவே மாட்டேன் என்றது. எடுத்தால் குரலும் சேர்ந்து போனது. அதை அப்படியே விட்டாள்.

வெளியாகுமுன் குடும்பத்துக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கேசட் ஒலித்தபோது உம் வஸீம் பக்கத்திலிருந்த தமாமிடம் குனிந்து, எம்புள்ள சொன்னதையே நடிச்சுச் சொல்ற இந்தப் பையன் பரவாயில்லை, கொஞ்சம் அவசரப்படறான் என்றாள். பிறகு திரையில் வெற்று அறை தெரிய, நடிகனின் குரல் இரைச்சலோடு வந்தது. உம் வஸீம் எழுந்து நின்றாள்.

“இது எங்கே கிடைச்சது? அவன் இன்னொரு கேசட்டும் பேசினானா?”

தமாம் படத்தை நிறுத்தச் சொன்னாள்.

“அது நடிகன், அம்மா. முதல்ல கேட்டதுதான் வஸீம். இரைச்சலை நான் எடுத்துட்டேன்.”

உம் வஸீம் நம்பவில்லை. தன் கேசட்டை இருந்தபடியே போடச் சொன்னாள். கண்ணை மூடி இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை பாதியில் கையைத் தூக்கினாள்.

“நிறுத்தும்மா. அந்தப் பையன் முகம்தான் வருது.”

தமாம் படத்தில் வரும் கேசட் குரலுக்கு இரைச்சலைத் திருப்பிக் கொடுத்தாள். நடிகனின் பகுதியை வெட்டினாள். படம் வெளியான அன்று உம் வஸீம் வரவில்லை. தமாம் கேசட்டைத் திருப்பிக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனபோது காபி கொடுத்தாள், பல்வலி பற்றிப் பேசினாள். மேசையிலிருந்த கேசட்டைத் தொடவில்லை.

“உன்கிட்டயே இருக்கட்டும்,” என்றாள் வாசலில். “இங்கே இருந்தா போட்டுக் கேட்டுடுவேன்.”